அலுமாரிக்குள் தொங்கிய அறிவித்தல்

தொழில் அலுவலர்களாகப் புதிதாக நியமனம் பெற்றுப் புத்தளம் பக்கம் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வு பெற்றவன் பேனாவைத் தூக்கினால் இளையவர்களுக்குக் கொட்டாவி வரும் என்று எனக்குத் தெரியும். என் காலத்தில் நானும் நன்றாகவே கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையை நான் சொல்லாவிட்டாலும் உங்கள் காதுக்கு வந்தே தீரும். பாலாவிச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு மீன் கொட்டிலுக்கு என்றைக்காவது நீங்கள் பரிசோதனைக்குப் போவீர்கள். அங்கே ஓர் அலுமாரி நிற்கும். அதில் என் பெயர் இருக்கும். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய சட்டங்கள் பலவற்றில் ஒரு வரி உண்டு. வேலை நேரம், லீவு, ஆகக் குறைந்த சம்பளம், பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணுக்கு உள்ள உரிமை, இவற்றைப் பற்றிய அறிவித்தலைத் தொழிலாளர் இலகுவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் முதலாளி வைக்க வேண்டும். மற்ற அலுவலர்கள் அந்த வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எந்த வேலைத்தலத்துக்குள் நுழைந்தாலும் முதலாளியின் முகத்தைப் பார்க்க முன் சுவரைப் பார்ப்பேன்.

பார்த்த சுவர்களோ பலவிதம். ஒரு பேக்கரியில் அறிவித்தலின் மேல் நகைக்கடைக் கலண்டர் தொங்கியது. கேட்டால், "ஆணி ஒண்டுதானே சேர்" என்றார் முதலாளி. இன்னொரு கடையில் கையழுக்குப் படக்கூடாதென்று கூரைக்குக் கிட்ட ஒட்டியிருந்தார்கள். வாசிக்க விரும்பும் தொழிலாளிக்கு ஏணி வேண்டும். ஓர் இறால் பண்ணையில் காவல் குடிசைச் சுவரில், கண்ணுக்கு நேராக, சட்டம் சொன்னபடியே போட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே ஒரு கடிநாயைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பண்ணையில் தொழிற்சட்டம் தெரிந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான்.

எல்லாரையும் ஏசினேன். ஊரில் எனக்கு 'நோட்டீஸ் மாத்தயா', அதாவது நோட்டீஸ் ஐயா, என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

யுத்தம் முடிந்து, மன்னார்ப் பக்கத்து மீன் லொறிகள் தாராளமாக வந்துபோகத் தொடங்கிய காலத்தில் அந்தக் கொட்டில் திறக்கப்பட்டது. மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாதிப்பேர் தில்லையடியிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள், மீதிப்பேர் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள். முதலாளி ஒரு ஹாஜியார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரை விட்டுக் கையில் அகப்பட்டதோடு வந்தவர். தில்லையடியில் கிடுகுக் கொட்டிலில் தொடங்கி, மீன் வியாபாரத்தால் கல்வீடு கட்டியவர். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையாகிப் போனது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நான் கவனமாக இருந்திருப்பேன்.

மகப்பேற்று நன்மைகள் பற்றிய அறிவித்தலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளில் அரச இலச்சினையைக் கண்டதும் ஹாஜியார் "ஒரு நிமிசம் சேர்" என்று சொல்லிப் போய், சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார். இப்படி ஒரு முதலாளியா என்று நான் உருகிப் போனேன்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனேன். கொட்டில் சுவர் வெறுமையாக இருந்தது.

"நோட்டீஸ் எங்க ஹாஜியார்?"

"இருக்கு சேர். வீட்ட போவம். முதல்ல சாப்பிட்டு, கையக் கழுவிட்டுத்தான் அதத் தொடோணும்."

தில்லையடி வீட்டில் சோறும் கறியும் முடிந்து, இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. அதன் பிறகு ஹாஜியார் இடுப்புப் பட்டியிலிருந்து சாவியை எடுத்து ஓர் அலுமாரியைத் திறந்தார். தேக்கமர அலுமாரி. மேல் பாதிக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே அவருடைய மனைவியின் நல்ல தேநீர்க் கோப்பைகள். அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரம் வெளியே வந்தது. தகரத்துக்குள் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் பை. எண்ணினேன், மொத்தம் ஐந்து. ஐந்தாவதுக்குள் என் அறிவித்தல், மடிப்புக்கூட விழாமல், பிறந்த குழந்தை போலப் படுத்திருந்தது.

"ஹாஜியார், இத வேலை செய்யிறவங்க பார்க்கிற இடத்தில போடச் சொன்னேனே."

"சேர், நான் ஒரு கத சொல்றன் கேளுங்க." அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தொண்ணூறில வந்த நேரம் எண்ட பேர்ப்பதிவு, நிக்காஹ் பத்திரம், எல்லாம் மன்னார் வீட்டுச் செவத்தில பிரேம் போட்டுத் தொங்கின. அப்பிடியே உட்டுட்டு வந்தம். வந்த பிறகு எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஒரே கேள்விதான், கடதாசி எங்க? நான் நான்தான் எண்டு காட்ட எனக்கு ஏழு வருசம் போச்சு. காணி உறுதிய மட்டும் எண்ட பொஞ்சாதி தலகணிக்குள்ள வச்சுத் தச்சுக் கொண்டு வந்தா. யுத்தம் முடிஞ்சு பாத தொறந்த பிறகு அந்த ஒரு கடதாசியாலதான் எங்கட காணி திரும்பக் கெடச்சிச்சு. கவுண்மேந்துக் கடதாசிய செவத்தில போடச் சொல்றீங்க. நான் செவத்த நம்பின ஆள் சேர். இனி நம்ப மாட்டன்."

கிண்ணத்தில் மிச்சமிருந்த வட்டிலப்பத்தை வழித்து விழுங்கிவிட்டுப் படிவத்தை எடுத்தேன். என் படிவத்தில் 'அறிவித்தல் தொழிலாளர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளதா' என்று ஒரு கேள்வி. இந்த மனிதரைப் பார்த்து 'இல்லை' என்று எழுத எப்படி மனம் வரும்? அறிவித்தல் இருக்கிறது. நான் பார்த்தேன். இவ்வளவு மரியாதையாக வேறு எவரும் அதை வைத்திருக்கவில்லை. 'ஓம்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை ஹாஜியாரிடம் கொடுத்தேன். அவர் அதையும் ஒரு பைக்குள் போட்டார். எத்தனையோ பேக்கரிக்காரரை ஏசிய நான், ஒரு கிண்ணம் வட்டிலப்பத்துக்கு விழுந்தேன்.

சில மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் எங்கள் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஸ்டெல்லா. கற்பிட்டிக்குக் கிட்ட, குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். ஹாஜியாரின் கொட்டிலில் மீன் தரம் பிரிப்பவள். ஏழு மாத வயிற்றோடு கதிரையில் மெதுவாக உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று தட்டச்சில் அடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் இன்னும் ஒன்றுமில்லை.

"ஹாஜியார்ட மருமகன் குடுத்தவர் சேர். திங்கக்கிழமை கையெழுத்து வச்சுக் குடுக்கட்டாம். வயிறு பெருத்தா எல்லாரும் அப்பிடித்தான் வேலையால நிக்கிறதாம். இதில கையெழுத்து வச்சா, புள்ள பொறந்த பிறகு என்னத் திரும்ப எடுப்பாங்களா? அத மட்டும் கேட்டுப் போக வந்தன். எனக்கு அந்த எடம் வேணும். எண்ட மனுசன் கடலுக்குப் போறார், போன நாளெல்லாம் மீன் கெடைக்கிறதில்ல."

அப்போது நான் காட்டிய தோரணையை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அலுமாரி மறந்துபோய், படிவத்தில் எழுதிய 'ஓம்' மட்டும்தான் நினைவில் இருந்தது. கதிரையில் சாய்ந்து, "நீங்க வேலை செய்யிற இடத்தில நோட்டீஸ் இருக்கே, வாசிக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"என்ன நோட்டீஸ் சேர்?"

அறிவித்தலைக் கண்டும் காணாதவள்போலக் கதைக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பரிசோதனைப் படிவங்கள் இருந்த கோவையை எடுத்து விரித்து, அவளுக்கு முன்னால் வைத்து, என் எழுத்தை விரலால் காட்டினேன். "தொழிலாளர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. ஓம். பாருங்க."

ஸ்டெல்லா குனிந்து, அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, "எந்தச் செவத்தில சேர்?" என்றாள்.

கண்ணுக்கு முன் ஐந்து பொலித்தீன் பைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அவளை இருக்கச் சொல்லி, தேநீர் வரவழைத்துவிட்டு, பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே எங்களுக்கெல்லாம் மூத்த அலுவலர் ஒரு மிஸ் இருந்தார். சிலாபத்துக்காரர், சிங்களவர், ஆனால் தமிழில் எங்களைவிடச் சரளமாக ஏசுவார். பெயரைப் போட்டால் இப்போதும் டெலிபோன் எடுத்து ஏசுவார் என்பதால் போடவில்லை. எந்த நேரமும் ஒரு கடதாசிச் சுருளில் கச்சான் கடலை வைத்துக் கொறித்துக்கொண்டே கோவை பார்ப்பார்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி, என் திட்டத்தையும் சொன்னேன். இப்போதே மோட்டார் சைக்கிளில் போய், ஹாஜியாரின் காலைப் பிடித்தாவது, பின்னேரத்துக்குள் அறிவித்தலைச் சுவரில் போட்டுவிடுவது. திங்கட்கிழமை ஸ்டெல்லா அதைக் காட்டிக் கதைக்கலாம். ஒருவருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. என் பதவி உயர்வுக் கோவை கொழும்பில் ஒரு மேசையில் இருந்தது என்பதையும் லேசாகச் சொல்லிவைத்தேன்.

மிஸ் ஒரு கச்சானை உடைத்தார். "நீங்க இண்டைக்குத் தொங்க விடுவீங்க. அந்த மருமகன் என்ன சொல்லுவார்? அது எப்பவும் அங்கதான் தொங்கினது எண்டு சொல்லுவார். நீங்க 'ஓம்' எண்டு எழுதின ஃபோம் அதுக்குச் சாட்சி. எல்லாம் தெரிஞ்சுதான் விலகினா எண்டு எழுதுவார். பார்க்கேல்ல எண்டு சொல்ற அந்தப் புள்ள பொய்க்காரியாகும். அப்பிடித்தானே?"

நான் கையிலிருந்த மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"முதல்ல உங்கட பிழைய எழுதுங்க. பிறகு போங்க."

எழுதினேன். மத்தியானம் வரை எழுதினேன். 'மேற்படி பரிசோதனையின்போது ஒருவித கவனக்குறைவு நிகழ்ந்திருக்கலாமெனத் தோன்றுகிறது' என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். "யாருக்குத் தோன்றுது?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார். இரண்டாம் முறை, கொட்டிலின் வெளிச்சம், அன்றைய வெயில், என் கண்ணாடியின் இலக்கம் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். அதில் கச்சான் கோதைக் கொட்டினார். மூன்றாம் முறை, கோபத்தில், நான்கே வரி எழுதினேன்.

'தொழிலாளர் பார்வைக்கு வைக்கப்படாத அறிவித்தலை, வைக்கப்பட்டதாக நான் எழுதினேன். நான் அதைப் பார்த்தது முதலாளியின் வீட்டு அலுமாரிக்குள். கொட்டிலில் வேலை செய்யும் எவரும் அதைப் பார்க்க வழி இருக்கவில்லை. பிழை என்னுடையது.'

மிஸ் வாசித்து, என் பெயருக்கும் கையெழுத்துக்கும் மேல் பதவி முத்திரையைத் தானே குத்தினார். பிறகு, என் நினைவில் முதலும் கடைசியுமாக, எனக்கு நாலு கச்சான் தந்தார்.

ஸ்டெல்லாவிடம் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஹாஜியாருக்கு டெலிபோன் எடுத்தேன். திங்கட்கிழமை காலை வருவேன், அறிவித்தல் கொட்டிலில், பெண்கள் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும், இனி அலுமாரியை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

"சேர், உப்புக் காத்து. ஐஸ் தண்ணி. பூன வேற இருக்கு. காக்கா கொத்திட்டுப் போனா நான் யாருக்குப் பதில் சொல்ற?"

"எனக்குச் சொல்லுங்க ஹாஜியார்."

டெலிபோனில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. "சரி சேர். நான் ஒரு வழி பார்க்கிறன்."

திங்கட்கிழமை நான் பாலாவிச் சந்திக்கு வந்தபோது வாகனங்கள் வரிசையாக நின்றன. சீமெந்து லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், ஆளை ஆள் நடந்து முந்திப் போகக்கூடிய வேகத்தில், ஹாஜியாரின் மீன் லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில், கயிறு போட்டு, மெத்தை வைத்துக் கட்டி, அந்தத் தேக்கமர அலுமாரி. இரண்டு பக்கமும் நான்கு நான்கு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன் ஆசனத்தில் ஹாஜியார் பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

எட்டுப் பேரும் அலுமாரியை இறக்கி, தராசுக்கும் மீன் கழுவும் தொட்டிக்கும் நடுவில் நிறுத்தினார்கள். ஹாஜியார் அறிவித்தலை எடுத்து, ஐந்து பைகளில் நான்கைக் கழற்றினார். ஐந்தாவதைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே ஓர் ஆணியில், கண்ணாடிக் கதவுக்கு நேராக, பெண்களின் கண் உயரத்துக்கு அதைத் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டினார். கோப்பைகளும் உள்ளேதான் இருந்தன. அலுமாரி போகிற இடத்துக்குத்தான் தன் கோப்பைகளும் போகும் என்று அவருடைய மனைவி சொல்லிவிட்டாராம்.

"இப்ப பார்வைக்கு இருக்கா சேர்?" என்றார்.

சட்டத்தை மனசுக்குள் ஒருமுறை புரட்டினேன். சுவர் என்று அதில் எங்குமே இல்லை. "ஓம் ஹாஜியார், இருக்கு" என்றேன். அந்த 'ஓம்' உண்மையான 'ஓம்'.

அப்போது மருமகன் வந்தார். சட்டைப் பையில் இரண்டு டெலிபோன் வைத்திருந்த, படித்த இளைஞர். கையில் என் பழைய படிவத்தின் பிரதி. "சேர், எங்கட பக்கத்தில எல்லாம் ஒழுங்கு. நோட்டீஸ் அப்பவே இருந்திருக்கு. நீங்கதான் எழுதித் தந்திருக்கீங்க. ஸ்டெல்லா எல்லாம் தெரிஞ்சுதான் விலகுறா."

மிஸ் சொன்னது சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தது. நான் என் நான்கு வரிக் கடிதத்தை நீட்டினேன். அவர் வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் 'பிழை என்னுடையது' என்று எழுதி முத்திரை குத்திய தாளை அவர் அதற்கு முன் கண்டதில்லை. சுற்றி நின்ற முப்பது பெண்களும் கைகளில் மீன் செதிலோடு என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. அந்தத் தொட்டிக்குள் இறங்கி மீனோடு மீனாகப் படுத்துவிடலாம் போலிருந்தது.

"ஸ்டெல்லா, அத வாசிங்க," என்றேன். "எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோயிலில் வேதாகம வாசகம் வாசிப்பவள் என்பது எனக்குத் தெரியாது. ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள். அலுமாரிக்கு முன்னால் நேராக நின்றாள். கண்ணாடிக்குள் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். பிள்ளைப்பேற்றுக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது. அவளுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. லீவு முடிந்ததும் அவளுடைய இடம் அவளுக்கே. கடைசி வரி முடிந்தது. பூசையில் வாசகம் முடிந்ததும் பதில் சொல்லும் பழக்க தோஷத்தில் கற்பிட்டிப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். தாங்கள் பின்னால் நிற்கக்கூடாதென்று தில்லையடிப் பெண்கள், "ஆமீன்" என்றார்கள்.

ஹாஜியார் மட்டும் அசையாமல் நின்றார்.

"இதுவா அதில எழுதியிருந்திச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். "இவ்வளவு நாளும் எண்ட ஊட்டுக்குள்ளயே இருந்திச்சே. நான் வாசிக்கல்ல சேர். பழுதாப் போயிரும் எண்டு வெளிய எடுத்தும் பார்க்கல்ல." மருமகன் பக்கம் திரும்பினார். "மருமகன், நீங்க படிச்ச ஆள். இது உங்களுக்குத் தெரியுமா?"

மருமகன் ஒரு டெலிபோனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை.

"இந்தப் புள்ளைக்கு நீங்க என்னமோ ஒரு கடதாசி குடுத்தீங்களாமே. அது எங்க?"

ஸ்டெல்லா பையிலிருந்து அந்த விலகல் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஹாஜியார் அதைக் கிழிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு கடதாசியையும் கிழித்தவரில்லை. அறிவித்தலிலிருந்து கழற்றிய நான்கு பைகளையும் எடுத்தார். கடிதத்தை மடித்து ஒன்றுக்குள் வைத்தார். அதை அடுத்ததுக்குள், அதை அடுத்ததுக்குள், அதை அடுத்ததுக்குள். பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, மூடியை அழுத்தி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

"இது இனி வெளிய வராது," என்றார். "உங்கட எடம் உங்களுக்குத்தான் மகள். லீவு எடுத்துட்டு வாங்க."

ஸ்டெல்லா அழுதாள். அழுதுகொண்டே தொட்டிக்குப் போய் வேலையைத் தொடர்ந்தாள், மீன் பழுதாகிவிடும் என்று. மருமகன் வியாழக்கிழமையிலிருந்து லொறிகளைப் பார்க்க அனுப்பப்பட்டார்.

என் கடிதத்தின் மற்றப் பிரதி கொழும்புக்குப் போனது. எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. பதவி உயர்வு ஒரு வருடம் பின்னால் போனது. எனக்கு அது வலித்தது. வலிக்கவில்லை என்று பெரிய மனிதன்போல இங்கே எழுதினால், படிவத்தில் இரண்டாம் முறையும் பொய் எழுதியவன் ஆவேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை அந்தக் கொட்டிலுக்குப் பிரியாவிடை சொல்லப் போனேன். அலுமாரி அதே இடத்தில் நின்றது. கோப்பைகள் வீட்டுக்குத் திரும்பியிருந்தன, அந்த இடத்தில் பெண்களின் சாப்பாட்டுப் பெட்டிகள். சாவி ஸ்டெல்லாவின் கழுத்தில் செபமாலையோடு தொங்கியது. இப்போது அவள்தான் தரம் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பு. அறிவித்தலுக்குப் பக்கத்தில், இன்னோர் ஆணியில், புதிய பொலித்தீனுக்குள், என் நான்கு வரிகள். மருமகனிடம் நான் கொடுத்த அதே தாள். முத்திரை மங்கவே இல்லை.

அதைத் திரும்பத் தரும்படி ஹாஜியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். பிரியாவிடைப் பரிசாகவாவது தாருங்கள் என்றேன்.

"சேர், வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்க," என்றார். "கவுண்மேந்துக் கடதாசிய மட்டும் நான் வெளிய குடுக்கிறதில்ல."

அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள். புதியவர்கள் வந்தால் முதல் வேலை அதுதானாம். ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்று அறிவித்தலை வாசித்தாள். பிறகு, நான் நிற்கிறேன் என்று ஒரு சொல்லும் குறைக்காமல், என் கடிதத்தையும் வாசித்தாள். பிழை என்னுடையது என்று முடித்தாள். பெண்கள் மீனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்கள்.

"இறைவா உமக்கு நன்றி."

"ஆமீன்."

முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியிருக்கிறேன். மக்கள் ஆமீன் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.